வலி மருத்துவரிடம் முதல் நாள்



பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் குடும்ப மருத்துவர் ஒரு நாள் சீட்டில் இரண்டு வரி எழுதி, "இவரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கொடுக்கிறார். சீட்டில் இருப்பது ஒரு வலி மருத்துவரின் பெயர். உடனே வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "வலிக்கென்று தனியாக ஒரு டாக்டரா? நோயை விட்டுவிட்டு வலியைப் பார்த்து என்ன பயன்?" என்பது ஒன்று. "இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைகழுவிவிட்டார்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வலி மருத்துவம் என்ற பலகையை இன்று பல இடங்களில் காணலாம். அவற்றினுள் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் மயக்கவியல் படித்தவராகவே இருப்பார். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிக்கு வலி தெரியாமல் காப்பவர், அறைக்கு வெளியிலும் அந்தக் கலையைப் பயன்படுத்த வந்ததால் பிறந்த துறை இது. ஜான் பொனிக்கா என்னும் அமெரிக்க மயக்க மருத்துவர் 1953-இல் வலிச் சிகிச்சை பற்றி எழுதிய பெருநூலே இத்துறையின் தொடக்கம் என்பர். அவர் மருத்துவம் படித்துக்கொண்டே மல்யுத்த மேடையில் ஏறிப் பொருள் ஈட்டியவர். அந்தக் காயங்களின் வலியை வாழ்நாள் முழுதும் சுமந்தவர். வலியைப் பற்றி அவர் எழுதியது வலித்தவர் எழுதியது. உலக வலி ஆய்வுச் சங்கம் அமைய 1973-இல் வழிகோலியவரும் அவரே.

அந்தச் சங்கம் 1979-இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. 2020-இல் அதைத் திருத்தியது. அதன் சாரம் இது: வலி என்பது உடலும் உள்ளமும் சேர்ந்து அனுபவிக்கும் ஒன்று, திசு சேதமுற்றிருந்தாலும் வரும், சேதம் கண்ணுக்குப் புலப்படாதபோதும் வரும், தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். கடைசிப் பகுதியை நினைவில் நிறுத்துங்கள். சர்க்கரையை அளக்க இரத்தம் இருக்கிறது, அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. வலியை அளக்க உங்கள் நாவைத் தவிர வேறு கருவி இல்லை. ஆகவே, வலி மருத்துவரிடம் செல்லும் முதல் நாளில் பாதி வேலை அவருடையது. மறு பாதி உங்களுடையது.

நம் வீடுகளில் இடறுவது இந்த மறு பாதியில்தான்.

கச்சேரி சாலைப் பக்கம் வசிக்கும், அறுபதைக் கடந்த ஓர் அம்மாவை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாக இடுப்பிலிருந்து கால்வரை வலி. இரவில் புரண்டு படுக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருப்பார்; ஃபஜ்ரு பாங்கு கேட்கும்வரை அப்படியே இருப்பார். வீட்டில் எவருக்கும் தெரியாது. மகன் அழைத்துச் செல்கிறார்.

"அம்மா, வலி எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ். பெரிசா ஒண்ணுமில்லை டாக்டர். வயசாச்சுல்ல."

"நடந்தா வலிக்குதுன்னு சொல்வாங்க டாக்டர். எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கோம், பாருங்க" என்று மகன் உறையை நீட்டுகிறார்.

மருத்துவரின் கையில் இப்போது படம் இருக்கிறது, வலி இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வலியைச் சொல்வது முறையிடுவதாகும், முறையிடுவது ஸப்ருக்கு மாறானது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர் அவர். இந்த எண்ணத்தை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் அய்யூப் (அலை) அவர்கள், தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்று தம் இறைவனிடம் வாய்திறந்து சொன்னதை 'அன்பியா' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அதே நபியை 'ஸாத்' அத்தியாயம் பொறுமையாளர் என்று போற்றுகிறது. சொன்னதால் அவர்களுடைய பொறுமை குறையவில்லை. தாயிஃபைச் சேர்ந்த உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், தம் உடலில் நெடுநாளாக இருந்துவந்த ஒரு வலியை நபி (ஸல்) அவர்களிடம் சொன்ன செய்தி 'ஸஹீஹ் முஸ்லிம்' தொகுப்பில் உள்ளது. அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வலிக்கும் இடத்தில் கையை வைக்கச் சொல்லி, ஓத வேண்டியதைக் கற்றுக்கொடுத்தார்கள். வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவது இன்றைய வலி மருத்துவரும் முதலில் கேட்பதுதான். விதியை நொந்து புலம்புவது வேறு. நிவாரணம் தேடி, அதை அறிந்தவரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்பது வேறு. பின்னதை அமானிதம் என்றே கொள்ளலாம்.

எனவே, மகன்மாருக்கும் மருமகள்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உடன் செல்லுங்கள், ஆனால் முதற்பேச்சை நோயாளிக்கு விடுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, அவர் விட்டதை நீங்கள் சேருங்கள். "இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார்", "மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார்", "பேரனைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்" போன்ற, உங்கள் கண் கண்ட செய்திகள் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

இனி, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை. ஒரு வாரம் முன்னதாகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நாளுக்கு மூன்று முறை வலியைக் குறித்து வாருங்கள். தொழுகை நேரங்களை ஒட்டிக் குறித்தால் மறக்காது: ஃபஜ்ருக்குப் பின், அஸருக்குப் பின், இஷாவுக்குப் பின். அந்நேரம் வலி எவ்வளவு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதனால் கூடிற்று, எதனால் தணிந்தது. நான்கு சொல் போதும். எழுத இயலாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை எழுதலாம்.

மருந்துகளைப் பெயர் எழுதிக் கொண்டுசெல்வதைவிட அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுசெல்வதே மேல். வலிக்காக உண்பவை மட்டுமல்ல, எல்லாம் வேண்டும். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டை ஒட்டி ஊசி போட நேர்ந்தால் இரத்தக் கசிவு பெருந்தீங்காகிவிடும். அதற்காக அம்மருந்துகளை நீங்களாகவே முன்கூட்டி நிறுத்திவிட்டுச் செல்லவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், மருந்து ஒவ்வாமை ஆகியவையும் அப்படியே சொல்லப்பட வேண்டியவை.

இன்னொன்று. ஹிஜாமா செய்துகொண்டது, புத்தூர்க் கட்டு கட்டிக்கொண்டது, தைலம் தேய்த்தது, நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி உண்டது, மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வலி மாத்திரை விழுங்கியது. இவற்றை நம்மவர்கள் மறைத்துவிடுகிறார்கள். டாக்டர் ஏசுவார் என்ற அச்சம். ஏசினாலும் பரவாயில்லை. கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக் கணக்கில் உண்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கணக்குத் தெரிந்தால்தான் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்.

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை செய்திருந்தால் அதன் சுருக்கக் குறிப்பு, இரத்தப் பரிசோதனைத் தாள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். முழங்காலையும் முதுகையும் எளிதில் காட்டக்கூடிய தளர்ந்த ஆடை அணியுங்கள். லஸ் முனை, பனகல் பூங்கா போன்ற இடங்களில் மாலை நெரிசலில் ஆட்டோவில் குலுங்கிச் சென்றால் வலி இரட்டிப்பாகும். இயன்றால் காலை நேரமாகக் கேட்டுப் பெறுங்கள். முதல் சந்திப்பு மற்ற மருத்துவர்களிடம் ஆவதைவிடச் சற்று நீளும். மஃரிபுக்குள் திரும்பிவிடலாம் என்று அவசரக் கணக்குப் போடாதீர்கள்.

அங்கே சென்றதும் ஒரு படிவம் தருவார்கள். அதில் மனித உருவம் ஒன்று முன்பக்கமும் பின்பக்கமுமாக வரைந்திருக்கும். வலிக்கும் இடங்களை அதில் கோடிட்டு நிழலடிக்க வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்துக்கு ஓடும் வலியானால் அம்புக்குறி போடலாம். எத்தனை இடமோ அத்தனையையும் குறியுங்கள்; இடுப்பு வலிக்கு வந்துவிட்டுத் தோள்வலியைச் சொல்வதா என்று தயங்க வேண்டாம்.

பிறகு எண் கேட்பார்கள். வலியே இல்லை என்பது 0. கற்பனைக்கெட்டும் மிகக் கொடிய வலி 10. உங்களுடையது எத்தனை? பலருக்கு இது தேர்வு மதிப்பெண் போலத் தோன்றும். கவனம் கிடைக்கட்டுமே என்று 10 என்பார் சிலர். அடக்கமாக 3 என்பார் மேலே நாம் கண்ட அம்மா. இந்த எண் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு ஒப்பிடுவதற்கன்று. உங்களுடைய இன்றைய எண்ணை உங்களுடைய அடுத்த மாத எண்ணோடு ஒப்பிடுவதற்கே. ஆகவே ஒரே எண்ணாகச் சொல்லாமல், "உட்கார்ந்திருந்தால் 3, நடந்தால் 6, இரவு இரண்டு மணிக்கு 8" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

எண்ணைவிடவும் முக்கியமானது சொல். இங்கே நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். அரிக்கும் வலி, குத்தும் வலி, அழுத்தும் வலி, இழுக்கும் வலி, துளைக்கும் வலி, மரத்துப்போகும் வலி, துடிக்கும் வலி, கனக்கும் வலி என்று அப்பட்டியல் நீளும். வலியின் தன்மை அதன் காரணத்தைக் காட்டும் என்பது அவர் கருத்து. 1975-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் என்பார் 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கி வலி வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். அதைக் காணும்போது இப்னு ஸீனாவின் பட்டியல் நினைவுக்கு வராமல் போகாது.

இவ்விஷயத்தில் தமிழர் பேறுபெற்றவர்கள். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, திமிர்ப்பு, மரமரப்பு, சுருக்கென்பது, சுள்ளென்பது, விண்விண்ணென்று தெறிப்பது, ஊசி ஏற்றுவது, எறும்பு ஊர்வது என நம் பாட்டிமார் வாயில் இத்தனை சொற்கள் புழங்கின. இன்று மருத்துவரைக் கண்டதும் இவை எல்லாம் மறைந்து, "ஒரே பெயின் டாக்டர்" என்ற ஒன்றே எஞ்சுகிறது. பாட்டிமார் சொற்களை அந்த அறைக்குள் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு கதவைத் திறக்கும்.

எவ்வாறெனில், காலையில் எழுந்ததும் விறைத்திருந்து நடக்க நடக்கத் தளர்வதாகச் சொன்னால் அவர் எண்ணம் மூட்டின் பக்கம் போகும். ஓரிடத்தை அழுத்தினால் கடுத்து இழுக்கிறது என்றால் தசையின் பக்கம். எரிகிறது, மின்சாரம் அடித்தாற்போல் காலில் ஓடுகிறது, மரத்துக் கிடக்கிறது, ஆனாலும் வலிக்கிறது என்றால் அது நரம்பிலிருந்து வரும் வலியாக இருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலும், அக்கி வந்து ஆறிய பின்னும் மாதக் கணக்கில் எரியும் மார்புப் பக்கமும் இவ்வகையைச் சேர்ந்தவை. "துப்பட்டா உரசினாலே எரிகிறது" என்று ஒரு பெண்மணி சொல்வதைக் கேட்டு வீட்டார் நகைக்கலாம், மருத்துவர் நகைக்கமாட்டார். மெல்லிய தொடுகையே வலியாவது நரம்பு வலியின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. எரிச்சல், குளிர்ச்சியான வலி, மின்னதிர்ச்சி, மரப்பு, அரிப்பு என்று பத்து அம்சங்களைக் கேட்டும் சோதித்தும், நான்கு பொருந்தினால் நரம்பு வலி என்று கருத இடமளிக்கும் வினாத்தாளும் இன்று வழக்கில் உள்ளது. மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் கொடுக்கும் மாத்திரை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. எத்தனையோ பேர் ஆண்டுக் கணக்கில் தவறான மாத்திரையை விழுங்குவதற்கு அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லே காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்து, உறக்கம் எப்படி, பசி எப்படி, மனம் சோர்ந்திருக்கிறதா, வீட்டில் கவலை உண்டா என்று மருத்துவர் கேட்பார். சிலருக்கு இங்கே சுருக்கென்று கோபம் வரும். "என் வலியை மனப்பிரமை என்கிறாரா?" அப்படியன்று. 1965-இல் மெல்சாக்கும் பேட்ரிக் வால் என்ற ஆய்வாளரும், முதுகுத்தண்டில் வலிச் செய்தி செல்லும் வழியில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டென்றும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகள் அக்கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்கின்றன என்றும் ஒரு கோட்பாடு வகுத்தனர். விவரங்கள் பின்னர் திருத்தம் பெற்றாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. உறக்கமின்மையும் துயரமும் அந்தக் கதவை அகலத் திறந்துவிடுகின்றன. கணவரை இழந்த ஆண்டில் முழங்கால் வலி இரட்டிப்பானதென்றால் இரண்டும் உண்மையே. சொல்லுங்கள்.

பின்னர் உடற்பரிசோதனை. நடக்கச் சொல்வார், குதிகாலாலும் நுனிக்காலாலும் நிற்கச் சொல்வார். படுக்கவைத்து, காலை மடக்காமல் மெல்லத் தூக்கிப் பார்ப்பார். இடுப்பு நரம்பு நெரிபடுகிறதா என்று அறியும் பழைய, நல்ல சோதனை அது. பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டுவார். சற்று வலிக்கலாம், வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் அப்போதே சொல்ல வேண்டும். மருத்துவர் ஆணாக இருந்தால், பரிசோதனையின்போது செவிலியோ உடன்வந்த பெண்ணோ அருகிருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை, முன்பதிவின்போதே சொல்லிவிடலாம். பெண் மருத்துவர் வேண்டுமென்றாலும் அப்போதே விசாரியுங்கள். மருத்துவத் தேவைக்கு வேண்டிய அளவு, வேண்டிய இடத்தை மட்டும் காட்டுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை நாம் அறிவோம். முதுகைக் காட்டக் கூசி, ஆடைக்கு மேலாகவே பார்த்து அனுப்பச் செய்வது நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்", "ஜவ்வு பிதுக்கம்" என்று கண்டதும் வீடே கலங்குகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, வலியில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்ந்தே இருந்தது. தலைநரை போன்றதுதான் அதுவும். படமும் உங்கள் சொல்லும் பரிசோதனையும் ஒன்றையொன்று ஆமோதித்தால்தான் படத்துக்கு மதிப்பு. வலி மருத்துவர் படத்தைக் கடைசியில் பார்த்தால் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். என் கருத்தில் அதுவே நல்ல மருத்துவரின் அடையாளம்.

இதற்குப் பின் அவர் உங்களிடம் ஒன்று கேட்கக்கூடும்: "வலி குறைந்தால் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" நெடுநாள் வலியை முற்றாகத் துடைப்பது பல நேரங்களில் இயலாது. 0 முதல் 10 வரையுள்ள அளவில் இரண்டு புள்ளி குறைவதையே ஆய்வாளர்கள் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்கிறார்கள். ஆகவே குறிக்கோளை எண்ணாக வைக்காமல் செயலாக வைப்பார்கள். நமக்கு இதற்கு ஓர் இயற்கையான அளவுகோல் இருக்கிறது. ஒரு நாளின் பர்ளுத் தொழுகை 17 ரக்அத். அதில் 34 முறை நெற்றியைத் தரையில் வைத்து எழ வேண்டும். மருத்துவர் எச்சமயத்தவராயினும் இதை விளக்கிச் சொல்லுங்கள். "நாற்காலியில் தொழுகிறேன், தரையில் ஸுஜூது செய்ய விரும்புகிறேன்" என்பது அவருக்குத் தெளிவான குறிக்கோள், இடுப்பும் முழங்காலும் எவ்வளவு மடங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அது கைகூடும்வரை மனம் வருந்த வேண்டியதில்லை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரி பதிவு செய்கிறது.

மருந்துச் சீட்டில் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிட்டின் போன்ற பெயர்கள் இருக்கலாம். வீட்டில் படித்த பிள்ளை கைப்பேசியில் தேடிப் பார்த்து, "இது மனச்சோர்வு மாத்திரை, உம்மாவுக்கு இதை ஏன் கொடுத்தார்?" என்று பொங்கி, குப்பையில் எறிந்துவிடுவதுண்டு. இவை நரம்பு வலியைத் தணிக்கவும் பயன்படுபவை. அமிட்ரிப்டிலின் அதற்காக 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவிலேயே தொடங்கப்படும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தொடக்கத்தில் மயக்கமும் நாவறட்சியும் இருக்கும். அந்நாட்களில் இருசக்கர வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள், முதியவர்கள் இரவில் எழும்போது விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ரிகாபலின் பெரும்பாலும் ஜெலட்டின் உறையில் வருவது. அதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு உண்ணாமல் இருக்காதீர்கள். மாற்று மாத்திரை உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

ரமளான் நெருங்கும் மாதமானால் நோன்பைப் பற்றியும் அப்போதே பேசிவிட வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தும்படி இரு வேளையாக மாற்றத்தக்க மருந்துகள் உண்டு; மாற்ற முடியாதவையும் உண்டு. நீர் அருந்தாத பகலும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. நோன்பிருக்கலாமா என்ற தீர்ப்பை ஆலிமிடம் கேட்கும்போது, மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

புற்றுநோய் வலிக்காகச் செல்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருப்பதால், அந்நோயின் பெயர் தென்சென்னைக் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆயினும் 'மார்ஃபின்' என்ற சொல் வந்ததும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள். போதைப்பொருளாயிற்றே, ஹராமாயிற்றே, அடிமையாகிவிடுவாரே, கடைசிக் கட்டம் என்று பொருளா என்றெல்லாம் கேள்விகள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான மருந்து முறையை வகுத்து, கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே அஞ்சின. அபினியைச் சட்டப்படி விளைவித்து உலகுக்கே மருந்துச் சரக்கு அனுப்பும் நாட்டில், சொந்த மக்கள் வலியில் துடித்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் உள்ளிட்ட பலருடைய நீண்ட முயற்சிக்குப் பின், 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று.

புற்றுநோய் வலிக்கு மருத்துவரின் கண்காணிப்பில், அளந்து, மணிக்கணக்குப்படி கொடுக்கப்படும் மார்ஃபின் போதைக்காக உண்பதன்று. மலச்சிக்கல் உறுதியாக வரும். அதற்கு மருந்தையும் கூடவே கேட்டுப் பெறுங்கள். திடீரென நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். மார்க்கத்தைப் பொறுத்தவரை, வேறு வழியற்ற தேவையின்போது மருந்தாகப் பயன்படுத்துவதை உலமாக்கள் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். ஐயமிருப்பின் உங்கள் மஹல்லா இமாமைக் கேட்டுத் தெளிவு பெறலாம். அதே வேளையில், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் இவ்வகை மருந்தை நீண்ட நாள் கொடுத்ததால் அமெரிக்காவில் நேர்ந்த பேரழிவையும் உலகம் கண்டுவிட்டது. ஆகவே அவ்வலிகளுக்கு உங்கள் மருத்துவர் தயங்கினால் அது கருமித்தனமன்று. டிரமடால் மாத்திரையும் 2018 முதல் இச்சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. கடைக்காரர் சீட்டு இல்லாமல் தர மறுத்தால் அவரோடு வாதிடாதீர்கள்.

ஊசி பற்றி. நரம்பைச் சுற்றியோ மூட்டுக்குள்ளோ கதிர்ப்படத்தின் துணையோடு மருந்து செலுத்தும் முறைகள் இத்துறையில் உண்டு. தக்கவருக்கு, தக்க நேரத்தில் நல்ல பலன் தரும். ஆனால் முதல் நாளே ஊசி போட்டாக வேண்டும் என்பது பெரும்பாலும் இல்லை. "எதற்காக இந்த ஊசி? எவ்வளவு நாள் தாங்கும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீடு ஏற்குமா?" என்று கேட்டு, வீட்டுக்கு வந்து யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வரலாம். ஸ்டீராய்டு கலந்த ஊசியானால் சில நாட்கள் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயாளிகள் அதற்கு ஆயத்தமாக வேண்டும். மருத்துவரின் அடிப்படைப் பட்டம் என்ன, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று பார்ப்பதும் மரியாதைக் குறைவன்று. ஒரே ஊசியில் நிரந்தரத் தீர்வு என்று விளம்பரம் செய்யும் இடங்களிலிருந்து விலகியிருங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பெரிய அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையை அணுகி விசாரிக்கலாம். படுக்கையிலேயே இருப்பவர்களுக்காக, வீட்டுக்கு வந்து ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் தரும் ஏற்பாடு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, நெஞ்சை அழுத்தும் வலி கைக்குப் பரவினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள்.

முதல் நாள் முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு மருந்துச் சீட்டு, ஓரிரு பரிசோதனைகள், இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி பெற ஒரு குறிப்பு, மூன்று நான்கு வாரங்களில் மறுபடி வரும் தேதி ஆகியவை இருக்கும். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். வரும்போது இருந்த வலி திரும்பும்போதும் இருக்கும். பயிற்சியைத்தான் நம்மவர்கள் முதலில் கைவிடுகிறார்கள். மாத்திரைக்குக் கொடுக்கும் மதிப்பை அதற்கும் கொடுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.